அவள் விரல் வைத்த எண்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'பகா'. பகா எண் என்பதில் பாதியை உடைத்து எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் யாராவது அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், "அவரு எதாலயும் வகுபடாத ஆளு" என்று முதலாளி சிரிப்பார். உண்மையில் அவரைப் போல விட்டுக்கொடுத்துப் போகிறவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. முன்பக்கத்தில் கண்ணைச் சோதித்து எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்து, லென்ஸின் நடுவில் மையால் புள்ளி வைப்பார். கோணம் பார்த்து, சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓரத்தைத் தேய்ப்பார். ஃபிரேமைச் சூடாக்கி அதற்குள் லென்ஸை அழுத்துவார். கோணம் இம்மி பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். அவர் வெட்டிய கண்ணாடி அப்படித் திரும்பி வந்தது அபூர்வம்.

கல்லூரியில் கணக்கைப் பாடமாக எடுத்து ஒரு வருஷம் படித்தவர். அப்பா படுத்த படுக்கையாகிவிட, படிப்பு அதோடு நின்றது. பிறகு கல்யாணம், மகள், இந்தப் பின்னறை. விட்டுப்போன கணக்கு மட்டும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உள்ளேயே இருந்தது. முதலாளி ஒரு நாள் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டியபோது அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பல தேசங்களிலும் ஆட்களைக் கொண்ட, பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டம் ஒன்றில் சேர்ந்தார். வேறோர் ஊரில் கல்லூரி விரிவுரையாளராக இருந்த ஒருவர்தான் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எண்களைப் பிரித்துக் கொடுப்பவர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. எல்லாம் போனில்தான்.

தேடுகிற எண்கள் ஒரே மாதிரிப் பிறப்பவை. ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்து, அதை இரண்டால் திரும்பத் திரும்ப ஒரு கோடி தடவை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கூட்டினால் முப்பது லட்சம் இலக்கங்களுக்கு நீளும் எண் ஒன்று வரும். அச்சடித்தால் ஆயிரம் பக்கம் தாண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் அது வகுபடாதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கப் போனால் சூரியன் அவிந்துபோகும். அதனால் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். சின்ன எண் ஒன்றை எடுத்து அதையே அதால் பெருக்கு. வந்ததைப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அந்த மீதியை மறுபடி அதாலேயே பெருக்கு. இப்படி ஒரு கோடி தடவை. கடைசியில் நிற்கும் மீதி அந்தப் பெரிய எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் அது பகா எண், சந்தேகமே வேண்டாம். வேறு எது நின்றாலும் வகுபடும் எண். சின்ன எண்களால் வகுபடுகிறவற்றை முன்பே சலித்து எறிந்துவிடுவார்கள். சலித்து மிஞ்சியதிலும் லட்சத்துக்கு ஒன்று தேறினால் பெரிது.

அவருடைய கிழட்டு மிஷினுக்கு ஒவ்வோர் எண்ணும் இரண்டு மூன்று வாரம் பிடித்தது. வீட்டு முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே, அது இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி மெத்தைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். வாய்த்துடுக்கு அதிகம். "சக்களத்தின்னு ஒருத்தி இருந்தாகூட முடியப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கலாம், இதுக்கு முடியும் இல்ல" என்பாள். வந்தவர்களிடம் மிஷினைக் காட்டி, "இதுதான் எங்க வீட்டு மூத்த பிள்ளை, சம்பாதிக்காது, சூடு மட்டும் குடுக்கும்" என்பாள். இந்த எண்ணால் என்ன பிரயோசனம் என்று அவரைக் கேட்டாள். ரகசியப் பூட்டுகளுக்குப் பகா எண் உதவும், ஆனால் அதற்குச் சில நூறு இலக்கம் போதும், இவ்வளவு பெரியது எதற்கும் ஆகாது என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் தேடித் தேடித் தீர்ந்துபோகுமா என்றாள். தீராது, எவ்வளவு பெரியதைக் கண்டுபிடித்தாலும் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தே தீரும் என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இருமல் வந்தபோது பஞ்சுத்தூசி என்று இருவரும் அசட்டையாக இருந்தார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சமதரையிலேயே வாங்கியது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் இரண்டும் தழும்பேறிக் கெட்டிப்பட்டுக்கொண்டு வருகிறது, திரும்பச் சரியாகாது என்றார். காரணம் பஞ்சாக இருக்கலாம், வேறெதாவதாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எத்தனை நாள் என்று அவளே கேட்டாள். அவரும் மழுப்பாமல், வருஷக் கணக்கில் யோசிக்க வேண்டாம் என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பார்வை தன் முகத்தின் மேல்தான் என்று அவருக்குத் தெரியும். அதனால் கண்ணோ வாயோ துடிக்காமல் பிடித்து வைத்துக்கொண்டார்.

காற்று வருகிற அறை முன்னறை ஒன்றுதான். கட்டிலை அங்கே போட்டார்கள். அவர் மிஷினை நிறுத்திவிடலாம் என்றார். அவள் வேண்டாம் என்றாள். அவர் கடைக்குப் போன பிறகு அந்தச் சத்தம் ஒரு துணையாக இருக்கிறது என்று சொன்னாள். அவளுடைய தங்கை பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து அக்காவுக்கு உடம்பு துடைத்து, சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. நோயாளி படுத்திருக்கிற அறையில் இது எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

படுத்த பிறகுதான் மனைவிக்கு எண்கள் மேல் கவனம் வந்தது. ஒன்று முடிந்தால் அவளே கேட்பாள்.

"பிரைமா?"

"இல்ல. வகுபடுது."

"எதால?"

"அது தெரியாது."

"எதாலன்னு தெரியாம வகுபடுதுன்னு எப்படிச் சொல்றது?"

மீதி சரியாக வரவில்லை என்றால் உள்ளே எங்கோ பிளவு இருக்கிறது என்று மட்டும் தெரியும், அது எங்கே என்று காட்டாது, தேடிக் கண்டுபிடிக்கப் பல ஜன்மம் ஆகலாம் என்று அவர் விளக்கினார். அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நம்ம டாக்டர்கிட்டப் படிச்ச மிஷின் போல" என்றாள்.

இன்னொரு நாள் பகா எண்ணுக்கு வேறு என்ன விசேஷம் என்று கேட்டாள். இந்த வகை எண் பகா எண்ணாக இருந்துவிட்டால், அதை இரண்டு எண்களின் வர்க்கங்களாகப் பிரித்துக் கூட்டிக் காட்டலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான், வேறு ஜோடி கிடையவே கிடையாது என்றார். பதின்மூன்று என்றால் நாலும் ஒன்பதும். இரண்டின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும். அவ்வளவுதான்.

"ஒரே ஜோடிதானா? பாவம். புடிக்கலன்னாலும் வேற வழியில்ல" என்றாள். இருவருமே சிரித்தார்கள். சிரித்தது இருமலாகி, ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட வேண்டியதாயிற்று.

அடுத்ததாகச் சோதிக்க வேண்டிய எண்கள் திரையில் வரிசையாக நின்றன. வழக்கமாக மேலிருந்து கீழே எடுப்பார். அந்தத் தடவை அவளையே எடுக்கச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு திரையில் விரலை வைத்தாள். விரல் பட்ட எண்ணை அவர் ஓட விட்டார். அன்றிலிருந்து அது 'நம்ம நம்பர்' ஆயிற்று. காலையில் கண் விழித்ததும் நம்ம நம்பர் எதுவரை போயிருக்கிறது என்று கேட்பாள். பாதி தாண்டிவிட்டது, முக்கால் ஆகிவிட்டது என்று அவர் சொல்லுவார். டாக்டர் எந்த நல்ல சேதியும் சொல்லாத அந்த வீட்டில், ஏறுமுகமாக இருந்தது அது ஒன்றுதான்.

அது கடுமையான வெயில் காலம். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தூசி வந்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று ஜன்னலை அடைத்து வைத்தார்கள். அறை அடுப்பு மாதிரி ஆயிற்று. மிஷினின் வெப்பமும் அதில் சேர்ந்தது. தங்கை பொறுக்க முடியாமல் ஒரு நாள் மிஷினின் ஒயரைப் பிடுங்கப் போனாள். அக்காதான் கையைத் தட்டிவிட்டாள்.

சோதனை முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். திரையில் வந்த வரியைப் படித்தார். வகுபடும் எண். அவள் எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"போனாப் போகுது. என் கைராசி அப்படி" என்றாள்.

அவளுக்காக அடுத்த எண்ணை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த மாதமே அவள் போய்விட்டாள். வெளியூரில் வேலை பார்த்த மகள் வந்து இருந்துவிட்டுப் போனாள். வந்தவர்கள் நடுவில் தங்கை, அக்கா மூச்சுக்குத் தவிக்கும்போதெல்லாம் இந்த மனுஷர் மிஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னது அவர் காதில் விழுந்தது.  கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, இனி எண் அனுப்ப வேண்டாம் என்று விரிவுரையாளரிடம் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு சில வருஷங்கள் லென்ஸ் வெட்டுவதும் வீட்டுக்கு வந்து படுப்பதுமாகப் போயின. கடையில் மட்டும் 'பகா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம், ஃபிரேம் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது விரிவுரையாளர் போன் செய்தார். நலம் விசாரித்தார். பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறினார். பழைய மிஷின்களில் ஓடிய எண்களையெல்லாம் இப்போது மறுபடி சோதித்து வருகிறோம், புது மிஷினுக்கு இதெல்லாம் ஒன்றரை நாள் வேலை என்றார். கண்ணாடிக்காரர் பார்த்த எண்களில் ஒன்று பகா எண் என்று தெரியவந்திருக்கிறது என்றார். எது என்று சொன்னதும், எழுதிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. அது 'நம்ம நம்பர்'.

"உங்க மேல தப்பு இல்ல சார்" என்றார் விரிவுரையாளர். "சூடா இருக்கலாம், தூசியா இருக்கலாம், கரன்ட் ஏறி இறங்கியிருக்கலாம். ஒரு கோடி பெருக்கல்ல ஒண்ணே ஒண்ணு பிசகினா போதும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் குப்பை."

எந்த நாள், எந்தப் பெருக்கல் என்று கேட்டார் இவர். அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை என்றார் அவர். வெளிநாட்டில் ஒரு பல் டாக்டரின் மிஷினில்தான் சரியான விடை வந்தது. விதிப்படி கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர்தான் ஏறும். உலகத்தில் இதுவரை தெரிந்த பெரிய பகா எண்களில் முதல் நூறுக்குள் இருக்கிறதாம். முதலில் சோதித்தவர் என்று உங்கள் பெயரையும் ஓரமாகப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றார் கண்ணாடிக்காரர். பல் டாக்டருக்குத் தன் வாழ்த்தைச் சொல்லச் சொன்னார். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் கையில் இருந்த ஃபிரேம் உருகிக் கோணியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான் ஓடியது. அந்தப் பல் டாக்டரின் மிஷின் தப்பாக இருக்க வேண்டும். அந்த எண் வகுபட வேண்டும். அப்படி இருந்தால், அவளிடம் சொன்னது பொய்யில்லை. கைராசி சரியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டு போனதிலும் தவறில்லை. லட்சத்துக்கு ஒன்று என்று ஆயுசெல்லாம் பகா எண் வராதா என்று ஏங்கிய மனுஷர், கிடைத்த ஒன்று பகா எண்ணாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். ஆனால் இந்தச் சோதனையில் தப்பு ஒரு பக்கம்தான் சாயும் என்பதும் அவருக்குத் தெரியும். பிசகு ஏற்பட்டால் பகா எண் வகுபடும் எண்ணாகத் தெரியும். வகுபடும் எண் பிசகிப் பகா எண்ணாகத் தெரிவது நடக்காத காரியம்.

தெரிந்தும் மனம் கேட்கவில்லை. வார விடுமுறைக்குக் கடை மூடும்போது, முன்பக்கத்தில் இருக்கும் புது கம்ப்யூட்டரை இரண்டு நாள் ஓட விடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டார். பழைய பைத்தியம் திரும்பிவிட்டதா என்று முதலாளி கேலி செய்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்த் திறந்து பார்த்தார். கடைசி மீதி, அந்த எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவு. அவர் வேண்டுதலுக்காக அது இம்மியும் நகர்ந்து கொடுக்கவில்லை. அவள் விரல் வைத்த அன்றும் அது பகா எண்தான். அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பும் அப்படியேதான் இருந்தது.

மகளிடம் போனில் சொன்னார். "விடுங்கப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். அதற்குமேல் அவளால் என்னதான் சொல்ல முடியும்.

கொழுந்தியாளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று ஏனோ அவருக்குத் தோன்றியது. அக்கா போன பிறகு அவள் மாதத்துக்கு ஒரு தடவை வந்து வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போவாள். பேச்சு ஓரிரு வார்த்தைதான். அந்தத் தடவை வந்தவளை உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னார். அக்கா எடுத்த எண் சரியான எண்தான், மிஷின்தான் தப்பாகச் சொல்லிவிட்டது என்றார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"மாமா, அக்கா என்கிட்ட ஒண்ணு சொன்னா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"அந்த நம்பர் இல்லன்னு வந்த அன்னிக்கு உங்க மூஞ்சி அப்படியே செத்துப்போச்சாம். 'டாக்டர் எனக்கு நாள் குறிச்சப்பகூட இவரு மூஞ்சி இப்படி ஆகலடி'ன்னா. அழுதுகிட்டுச் சொல்லல. சும்மா, பேச்சோட பேச்சாச் சொன்னா."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். டாக்டர் அறையில் அந்த முகத்தைப் பிடித்து வைக்க எவ்வளவு பாடுபட்டார் என்பதும், எண் விஷயத்தில் பிடித்து வைக்க வேண்டும் என்றே தோன்றாமல் போனதும், அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்தது அந்த ஒரு வரியைப் படித்தபோது மொத்தமாக வெளியே வந்துவிட்டதும் அவருக்குத் தெரிந்தது. கேட்க வேண்டியவள் இல்லை. இவளிடம் சொன்னால் சாக்குப் போலத்தான் இருக்கும்.

"அது அப்படி இல்லம்மா" என்றார்.

அவள் காத்திருந்தாள். 

"சரி விடுங்க" என்றாள் அவளே. பிறகு, "அந்த நம்பரைக் காட்டுங்க, பாக்கலாம்" என்றாள்.

விரிவுரையாளர் அனுப்பிய முழு எண்ணும் போனில் இருந்தது. திறந்து கொடுத்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவர் வெட்டிக் கொடுத்த கண்ணாடிதான். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இலக்கங்கள் எறும்பு ஊர்கிற மாதிரி போய்க்கொண்டே இருந்தன. ஓரிடத்தில் நிறுத்தி, "இது எங்க முடியும்?" என்று கேட்டாள்.

"இன்னும் ரொம்ப தூரம் இருக்கு."

அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் வந்தாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வைத்துச் சரி செய்யக் கூடாதா என்று கேட்டாள். சரி செய்கிறேன் என்றார் அவர்.